விமானத் தொழிற்சாலையில் ஒரு கிராணி

"எங்கே வேலை?" என்று கேட்பவர்களிடம், "விமான உதிரிபாகத் தொழிற்சாலையில்" என்று சொல்வேன். உடனே கண்கள் விரியும். "எஞ்சினியரா?" என்பார்கள். இல்லை என்றதும், "அப்போ மெஷின்ல நிக்கிறீங்களா?" என்பார்கள். அதுவும் இல்லை. "தரப் பிரிவில் நிர்வாக உதவி, ஆவணங்களைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று விளக்குவதற்குள் "ஓ, ஆபீஸ் வேலையா" என்று பேச்சு திருமணம், வீட்டு வாடகை என்று வேறு பக்கம் போய்விடும்.

என் வேலையை ஒரே சொல்லில் சரியாகச் சொன்னவர் என் பாட்டிதான். "கிராணி வேலைன்னு சொல்லு" என்றார். நெகிரி செம்பிலானில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர் அவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, மதியம் பால் வாளியைச் சுமந்து நிறுவைக்கு வந்து நின்றவர். கிராணி புத்தகத்தில் என்ன எழுதினாரோ அதுதான் அன்றைய கூலி. வாளியில் எவ்வளவு பால் இருந்தது என்று பிறகு யாரிடமும் நிரூபிக்க முடியாது. புத்தகம் சொல்வதுதான் கணக்கு. எழுதுகிறவர் நேர்மையானவராக இருக்கவேண்டும் என்பதைப் பாட்டிக்கு யாரும் பாடமாகச் சொல்லிக் கொடுக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை.

நான் இந்த வேலைக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. சிலாங்கூரில் உள்ள நடுத்தர அளவிலான தொழிற்சாலை அது. விமானங்களின் இறக்கைப் பகுதிக்கான கார்பன் இழைத் தகடுகளைச் செய்கிறோம். பாலிடெக்னிக்கில் வணிக நிர்வாக டிப்ளோமா முடித்துவிட்டு, ஏதாவது ஒரு அலுவலக வேலை கிடைத்தால் போதும் என்று விண்ணப்பித்தவள்தான் நான். வேலை என்னவென்று முழுதாகப் புரிய எனக்கு ஓராண்டு பிடித்தது.

பாகத்தோடு பயணிக்கும் காகிதம்

எங்கள் தகடு எப்படி உருவாகிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிசின் ஊறிய கார்பன் துணி, ரோல் ரோலாக வெளிநாட்டிலிருந்து வருகிறது. அதை மைனஸ் 18 டிகிரி உறைகுளிர் அறையில் வைத்திருப்போம். வெளியே எடுத்தால் பிசின் மெல்ல மெல்ல இறுகத் தொடங்கும். ஆகவே ஒவ்வொரு ரோலும் மொத்தம் எத்தனை மணி நேரம் வெளியில் இருக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. துணியை வெட்டி, அச்சில் அடுக்கடுக்காக விரித்து, ஆட்டோகிளேவ் எனப்படும் பெரிய அழுத்த அடுப்பில் வேக வைப்பார்கள். பிறகு ஓரங்களை வெட்டி, உள்ளே குமிழியோ பிளவோ இருக்கிறதா என்று மீயொலி கொண்டு சோதிப்பார்கள்.

இதில் ஒவ்வொரு படிக்கும் ஒரு வரி உண்டு. ரவுட் கார்டு என்ற தாள் பாகத்தோடு கூடவே நகரும். வேலையை முடித்தவர் அந்த வரியில் தம் முத்திரையைக் குத்துவார். பரிசோதித்தவரும் தம் முத்திரையைக் குத்துவார். ஒவ்வொரு முத்திரைக்கும் ஓர் எண். எந்த எண் யாரிடம் இருக்கிறது என்ற பதிவேடு என்னிடம் இருக்கிறது. ஒருவர் வேலையை விட்டுப் போனாலோ முத்திரை தொலைந்து போனாலோ அந்த எண்ணைச் சட்டென்று இன்னொருவருக்குக் கொடுத்துவிட மாட்டோம். பத்து ஆண்டுகள் கழித்து ஒரு தாளை எடுத்துப் பார்த்தாலும், அன்று கையை வைத்தவர் யார் என்று தெரியவேண்டும்.

துணி எந்த உற்பத்தித் தொகுதியைச் சேர்ந்தது, அடுப்பில் வெப்பம் எப்படி ஏறி இறங்கியது, அளந்த கருவி கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது, வேலை செய்தவரின் பயிற்சிச் சான்று அந்தத் தேதியில் செல்லுபடியாக இருந்ததா, இவை அனைத்தையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் உறுதிச் சான்றிதழ் தயாராகும். அது இல்லாமல் பாகம் வாசலைத் தாண்டாது. பாகம் கண்ணாடிபோல் பளபளத்தாலும் தாளில் ஒரு வரி காலியாக இருந்தால், அது விமானத்தில் ஏறத் தகுதியில்லாத பொருள்தான்.

விமானத் துறைக்கென்று ஏஎஸ்9100 என்ற தர நிர்வாகத் தரநிலை இருக்கிறது. பலருக்கும் தெரிந்த ஐஎஸ்ஓ 9001 தரநிலையை அடித்தளமாகக் கொண்டு, அதன்மேல் விமானத் துறைக்கான கூடுதல் நிபந்தனைகளைச் சேர்த்தது. ஆண்டுதோறும் தணிக்கையாளர்கள் வருவார்கள். ஏதாவது ஒரு பாகத்தின் எண்ணைச் சொல்லி, "இதன் வரலாற்றைக் காட்டுங்கள்" என்பார்கள். அந்த நேரத்தில் கோப்பு என் மேசைக்கு வந்தாகவேண்டும்.

பென்சில் கூடாது, வளையல் கூடாது

புதிதாக வருகிறவர்களுக்கு எங்கள் விதிகள் வேடிக்கையாகத் தோன்றும். பென்சிலால் எழுதக்கூடாது. வெள்ளை மையால் அழிக்கக்கூடாது. தவறாக எழுதிவிட்டால், பழைய எழுத்து தெரியும்படி ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் இடவேண்டும். மாதத்தை எண்ணால் எழுதக்கூடாது. 03/04 என்று எழுதினால் நமக்கு அது ஏப்ரல் 3. அமெரிக்கருக்கு மார்ச் 4. ஆகவே மாதத்தை எழுத்தில்தான் எழுதவேண்டும்.

உற்பத்திக் கூடத்துக்குள் போகும்போது வளையல், மோதிரம், தொங்கட்டான் எதுவும் கூடாது. தலையில் பூ வைத்திருந்தால் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும். சிறு ஊசியோ உடைந்த வளையல் துண்டோ தகட்டின் அடுக்குக்குள் சிக்கினால் அந்தத் தகடு கெட்டது. திருமணமான புதிதில் தாலியைக் கழற்றச் சொல்வார்களோ என்று பயந்து ஒரு தோழி வேலையையே விட்டுவிட நினைத்தாள். மேலங்கியின் கழுத்துப் பட்டனைப் போட்டு உள்ளே மறைத்துக்கொண்டால் போதும் என்று எங்கள் பாதுகாப்பு அதிகாரி அனுமதித்தார். ஒவ்வொரு நிறுவனத்திலும் விதி மாறும், முதல் நாளே கேட்டுக்கொள்வது நல்லது.

ஒரு கதவும் நான்கு போல்ட்டுகளும்

2024 ஜனவரி 5 அன்று அமெரிக்காவின் போர்ட்லாந்திலிருந்து புறப்பட்ட அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானம் ஒன்றில், பறக்கத் தொடங்கிய சில நிமிடங்களில் பக்கவாட்டுப் பகுதி ஒன்று பிய்த்துக்கொண்டு போனது நினைவிருக்கலாம். போயிங் 737 மேக்ஸ் 9. உள்ளே 171 பயணிகள், 6 பணியாளர்கள். நல்லவேளையாக அந்த ஓட்டைக்கு அருகிலேயே இருந்த இருக்கை காலியாக இருந்தது. யாரும் உயிரிழக்கவில்லை. பிய்ந்த பகுதி ஓர் ஆசிரியர் வீட்டுத் தோட்டத்தில் கிடைத்தது.

அந்தப் பகுதி, பயன்படுத்தாத அவசரக் கதவின் இடத்தை அடைக்கும் 'டோர் பிளக்'. அது மலேசியாவில் செய்யப்பட்டது என்ற விவரம் விசாரணை அறிக்கையில் வெளிவந்த அன்று எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழு சூடாகிவிட்டது. "உங்க கம்பெனியா?" என்று சித்தப்பா கேட்டார். எங்கள் நிறுவனம் அல்ல. செய்த இடத்தில் நேர்ந்த கோளாறும் அல்ல.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது இதுதான். விமானத்தின் உடற்பகுதி போயிங்கின் ரென்டன் தொழிற்சாலைக்கு வந்தபோது அந்தக் கதவருகே சில ரிவிட்டுகள் பழுதாக இருந்தன. அவற்றைச் சரிசெய்ய டோர் பிளக்கைத் திறந்தார்கள். வேலை முடிந்து திரும்ப மூடியபோது, அதை மேலே நகராமல் பிடித்து வைக்கும் நான்கு போல்ட்டுகளைப் போடவில்லை. ஏன் யாருடைய கண்ணிலும் படவில்லை? திறந்ததற்கான பதிவே இல்லை. திறந்ததாகத் தாளில் இருந்திருந்தால், மூடியதைப் பரிசோதிக்க ஒரு வரி தானாக வந்திருக்கும். அந்த வரியில் முத்திரை குத்த ஒரு பரிசோதகர் நேரில் போய்ப் பார்த்திருப்பார். பதிவு இல்லாததால் யாரும் பார்க்கவில்லை. அந்த விமானம் அப்படியே இரண்டு மாதங்கள் பயணிகளை ஏற்றிப் பறந்தது.

அதற்கு முந்தைய ஆண்டில், 2023இல், பிரிட்டனில் இருந்த ஒரு சிறு வணிக நிறுவனம் போலிச் சான்றிதழ்களோடு விமான இயந்திரப் பாகங்களை விற்றது வெளிச்சத்துக்கு வந்தது. உலகில் மிகப் பரவலாகப் பயன்படும் சிஎஃப்எம்56 இயந்திரத்துக்கான பாகங்கள் அவை. பல நாடுகளின் விமான நிறுவனங்கள் தங்கள் இயந்திரங்களைத் தேடிப் பிடித்துச் சோதிக்க வேண்டியிருந்தது. பாகம் நல்லதா கெட்டதா என்பது வெறும் கண்ணுக்குத் தெரியாது. தாள் பொய்யென்றால் பாகத்தையும் நம்பமுடியாது.

ஒரு காலிக் கட்டம்

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. ஒரு புதன்கிழமை. மாலை ஐந்து மணிக்கு கேஎல்ஐஏ சரக்கு முனையத்துக்கு லாரி கிளம்பவேண்டும். ஆறு தகடுகளின் கோப்பைக் காலையில் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அவற்றுக்குப் பயன்பட்ட துணி ரோலின் பதிவுத் தாளில் ஒரு கட்டம் காலியாக இருந்தது.

முந்தைய வாரம் செவ்வாய் இரவு 10.40க்கு ரோலை வெளியே எடுத்ததாக எழுதியிருந்தது. திரும்ப உள்ளே வைத்த நேரம் இல்லை. அந்த ரோலுக்கு அப்போது மீதமிருந்த வெளி நேரம் 16 மணி. பிறகு வெள்ளிக்கிழமை தகடுகள் செய்தபோது 11 மணி நேரம் வெளியே இருந்திருக்கிறது. அப்படியானால் செவ்வாய் இரவு ஐந்து மணி நேரத்துக்குள், அதாவது விடிகாலை 3.40க்குள் ரோல் உள்ளே போயிருந்தால் ஆறு தகடுகளும் சரி. அதைத் தாண்டியிருந்தால் ஆறும் தகுதியற்றவை.

அன்றிரவு வேலையில் இருந்தது ஒரு தம்பி. பகாவ் பக்கத்துப் பையன். ஒப்பந்த வேலை, முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அப்பா இல்லை, அம்மா பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்கிறார். அவனை வரச் சொல்லிக் கேட்டேன். முகம் வெளுத்துவிட்டது. "ரெண்டு மணிக்கெல்லாம் வெச்சிட்டேன்க்கா. எழுத மறந்திட்டேன்" என்றான். பொய் சொல்கிற முகம் இல்லை அது.

மேற்பார்வையாளர் வந்தார். அவரும் நம்மவர்தான், நல்ல மனிதர், எனக்கு முன்பே பல ஆண்டுகளாக அங்கே இருப்பவர். அவருக்கும் மேலே ஒருவர் இலக்குக் கேட்டுத் தொலைபேசியில் நின்றுகொண்டிருந்தார். "அதான் ரெண்டுன்னு சொல்றான்ல. 2.00ன்னு எழுதி அவன் கையெழுத்தப் போட்டு முடிச்சிடுங்கம்மா. ஒரு வரிக்காக லாரிய நிறுத்துவீங்களா?" என்றார்.

"இன்னைக்குத் தேதி போட்டு, 'நினைவிலிருந்து எழுதியது'ன்னு எழுதலாம் அண்ணே. அன்னைக்கே எழுதின மாதிரி எழுத முடியாது" என்றேன்.

அப்படி எழுதினால் கேள்வி வரும், லாரி போகாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தம்பி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்காகத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. குறைபாட்டு அறிக்கை போட்டால் அதில் அவன் முத்திரை எண் வரும். ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரத்தில் அது அவனுக்கு எதிராக நிற்கலாம்.

அவனைத் தனியே அழைத்துச் சொன்னேன். "தம்பி, காலியா விட்டது மறதி. மறதிக்கு எச்சரிக்கை கடிதம் வரும். இப்போ பழைய தேதியில எழுதினா அது போலிப் பதிவு. அதுக்கு வேலை போகும். எழுதச் சொன்னவர் பேரு அதுல இருக்காது. உன் பேருதான் இருக்கும்." கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். பிறகு தானே உட்கார்ந்து, நடந்ததை அன்றைய தேதியில் எழுதிக் கையெழுத்திட்டான். நான் குறைபாட்டு அறிக்கையைப் பதிவு செய்தேன். ஆறு தகடுகளும் பூட்டிய கூண்டுக்குள் போயின. லாரி அவை இல்லாமல் கிளம்பியது.

மறுநாள் பராமரிப்புப் பிரிவிலிருந்து குளிர் அறையின் வெப்பநிலைப் பதிவு கிடைத்தது. கதவு திறந்தால் வரைபடத்தில் சிறு மேடு விழும். அந்த இரவு வேறு எந்த ரோலும் எடுக்கப்படவில்லை. மேடுகள் இரண்டே இரண்டு. ஒன்று 10.40ஐ ஒட்டி. இன்னொன்று 4.25க்கு.

தம்பி பொய் சொல்லவில்லை. இரண்டு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளைக்கு முன் வைத்துவிட்டதாகவே அவன் மனம் நம்பியிருந்தது. தூக்கக் கலக்கத்தில் ஒரு வாரத்துக்கு முந்தைய இரவை யாரால் சரியாக நினைவு வைத்திருக்க முடியும்? அதற்காகத்தானே தாள் இருக்கிறது.

ஆறு தகடுகளும் கழிக்கப்பட்டன. கழித்த பாகத்தை முழுதாக வெளியே போட மாட்டோம், யாரும் திரும்ப எடுத்து விற்றுவிட முடியாதபடி வெட்டித் துண்டாக்குவோம். அந்த மாதம் விநியோக இலக்கு தவறியது, பிரிவில் எல்லாருக்கும் ஊக்கத்தொகை குறைந்தது. சிலர் என் காதுபடவே முணுமுணுத்தார்கள். மேற்பார்வையாளர் ஒரு மாதம் போல வேலைக்கு வேண்டியதைத் தவிர என்னிடம் பேசவில்லை.

அந்தத் தகடுகள் பறந்திருந்தால் ஏதாவது ஆகியிருக்குமா? "பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது" என்றுதான் எங்கள் பொறியாளர் சொன்னார். வரம்புகளை வகுக்கும்போதே கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் வகுப்பார்கள். இந்த வேலையின் கடினமான பகுதி இதுதான். நீங்கள் தடுத்தது விபத்தா, வெறும் முக்கால் மணி நேரக் கணக்கா என்பது உங்களுக்கு ஒருபோதும் தெரியவராது. நஷ்டம் மட்டும் அன்றைக்கே எல்லாருக்கும் தெரியும்.

மூலக் காரணம் என்ன என்று 'ஏன், ஏன்' என்று ஐந்து முறை கேட்டு ஆராய்வது எங்கள் வழக்கம். ஏன் எழுதவில்லை? மறந்தான். ஏன் மறந்தான்? பதிவுத் தாள் குளிர் அறை அருகே இல்லை, வெட்டும் அறையின் மேசையில் இருந்தது. ஏன் அங்கே? எப்போதும் அங்கேதான் இருந்தது. உடன் இருக்கவேண்டிய இன்னொருவர் எங்கே? வேறு வேலைக்கு அனுப்பப்பட்டிருந்தார். அறிக்கை முடிந்தபோது, பழி ஓர் ஆளின் தலையில் மட்டும் விழவில்லை. தாளும் கடிகாரமும் குளிர் அறைக் கதவிலேயே மாட்டப்பட்டன. ஷிப்ட் மாறும்போது இருவர் சேர்ந்து சரிபார்க்கும் முறை வந்தது. பிறகு பட்டைக்குறியீட்டு ஸ்கேனரும் வந்தது. தம்பிக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. ஒப்பந்தம் ஆறு மாதத்துக்கு மட்டும் நீட்டிக்கப்பட்டது, அதன் பிறகுதான் ஓராண்டாயிற்று. அந்த ஆறு மாதமும் அவன் அம்மா எப்படித் தூங்கியிருப்பார் என்று நான் நினைத்துப் பார்த்ததுண்டு.

நம் பிள்ளைகளுக்கு இங்கே இடம் இருக்கிறதா?

இருக்கிறது. மலாக்கா பத்து பெரெண்டாமில் விமான இறக்கைகளுக்கான கலப்புப் பாகங்கள் செய்கிறார்கள். செரெண்டாவில் ரோல்ஸ்-ராய்ஸ் இயந்திரங்களின் விசிறி உறைகள் உருவாகின்றன. சுபாங்கிலும் கெடா புக்கிட் காயு ஹீத்தாமிலும் விமானப் பாகத் தொழிற்சாலைகள் உண்டு. எல்லையைத் தாண்டினால் சிங்கப்பூர் சிலேத்தார். இவை எல்லாவற்றிலும் பொறியாளர்களும் தொழில்நுட்பர்களும் இருக்கும் அளவுக்கு, ஆவணக் கட்டுப்பாடு, தரப் பதிவு, கருவி அளவைப் பதிவு, தணிக்கை ஏற்பாடு என்று என்னைப் போன்றவர்களும் தேவைப்படுகிறார்கள்.

விமானப் படிப்பு என்றால் டெங்கிலில் உள்ள யூனிகேஎல் மியாட், பந்திங் பாலிடெக்னிக் போன்ற இடங்கள் நினைவுக்கு வரும். தொழில்நுட்பத்தில் ஆர்வம் உள்ளவர்கள் அங்கே போகட்டும். எஸ்பிஎம் முடித்து நிர்வாகம், கணக்கியல், அலுவலக மேலாண்மை படித்தவர்களும் இந்தத் துறைக்குள் வரலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. தொடக்கச் சம்பளம் மற்றத் தொழிற்சாலை அலுவலக வேலைகளைப் போலத்தான் இருக்கும், பெரிதாக எதிர்பார்க்கவேண்டாம். ஆனால் உள்ளே வந்தபின் உள்தணிக்கையாளர் பயிற்சி, பிறகு ஏஎஸ்9100 தணிக்கையாளர் தகுதி, விநியோகிப்பாளர் தரம் என்று ஏணி நீளமானது. நான் மூன்றாம் ஆண்டில் உள்தணிக்கையாளர் ஆனேன்.

ஆங்கிலத்தில் எழுதியதை நிதானமாக வாசித்துப் புரிந்துகொள்ளத் தெரியவேண்டும். எக்செல் தெரிந்திருக்கவேண்டும். வயதிலும் பதவியிலும் மூத்தவரிடம் மரியாதை குறையாமல் "முடியாது அண்ணே" என்று சொல்லத் தெரியவேண்டும். மூன்றாவதைத்தான் எந்தக் கல்லூரியிலும் கற்றுத்தருவதில்லை. நம் வீடுகளில் பெண் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பது இன்னும் குறைவு.

இப்போது எங்கள் பிரிவுக்கு ஆள் எடுக்கும்போது நானும் நேர்காணலில் உட்காருகிறேன். விண்ணப்பித்தவரிடம் நிரப்பிய ரவுட் கார்டு ஒன்றைக் கொடுத்துப் பத்து நிமிடம் தருவேன். அதில் ஒரு தேதி முன்பின்னாக இருக்கும், ஒரு முத்திரை தெளிவில்லாமல் இருக்கும், ஒரு கட்டம் காலியாக இருக்கும். மூன்றையும் கண்டுபிடிப்பவர்கள் நிறைய பேர். காலிக் கட்டத்தைக் காட்டி, "இங்கே என்ன எழுதுவீர்கள்?" என்று கேட்பேன். மேலும் கீழும் உள்ள நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டு ஒரு விடையைச் சொல்பவர்கள் உண்டு, கெட்டிக்காரப் பிள்ளைகள். "நான் எதுவும் எழுத மாட்டேன் மேடம், வேலை செஞ்சவரைக் கேட்கணும்" என்று சொல்கிற பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் நான் ஒரு சரி போட்டுக்கொள்வேன்.